தர்மதேவிக்கு ஒரு கிடா

குடும்ப வாட்ஸப் குழுவில் நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தேன். எங்கிருந்தோ எடுத்த தர்மதேவி சிலை, ஓரத்தில் வட்டமாக வெட்டி ஒட்டிய என் அம்மாவின் முகம், கீழே ‘ஜவ்வாது மலையில் நம் தேவியைக் கண்டெடுத்த புண்ணியவதி’ என்று மஞ்சள் எழுத்து. அதற்கும் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். மாமா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், எல்லாரும் என் வயதுக்காரர்கள்தான். எல்லாருக்கும் முட்டிவலி, எல்லாருக்கும் பேரப்பிள்ளைகள், எல்லாருக்கும் இப்போது திடீரென்று பக்தி. நான் கை கூப்பவில்லை. ஏன் என்று ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். எல்லாருக்குமே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் படிக்காமல் விடுங்கள்.

கண்டெடுத்தாள் என்கிறீர்கள். அந்தச் சிலை தொலைந்துபோய்க் கிடக்கவில்லை. அதற்கு எண்ணெய் ஊற்ற ஆள் இருந்தது, பூப் போட ஆள் இருந்தது, அதன் முன்னால் நின்று திட்டக்கூட ஆள் இருந்தது. அதற்கு ஒரு பெயரும் இருந்தது. ரெட்டைப்புள்ளக்காரி.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவுக்குக் காட்டு இலாகாவில் வனவர் வேலை. மலைக்காரர்கள் பாரஸ்டர் என்பார்கள். காவலூரைத் தாண்டி பஸ் நின்றுவிடும் ஓர் ஊருக்கு அவரை மாற்றினார்கள். நாங்கள் வைகாசியில் மலையேறினோம். அப்பா, அம்மா, நான், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த தம்பி.

குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. மூன்றாவது அறை பூட்டியிருந்தது. திருட்டுத்தனமாக வெட்டிப் பிடிபட்ட சந்தனக் கட்டைகளை அதில் போட்டிருந்தார்கள். சந்தனம் மணக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். பூட்டிய அறையில் ஓட்டின் சூட்டில் அது புளித்துப்போய், நெற்றிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் துணி, தலையணை, சோறு எல்லாவற்றிலும் அதே வாசனை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் அப்பா அந்தக் கட்டைகளுக்காகத்தான் ஜெயிலில் இருந்தார். என் சட்டை வாசனை மூக்கில் பட்டதும் அவள் பலகையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். எங்கள் மீது அந்த ஊருக்கு வெறுப்பு வர என் அம்மா ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. அது எங்களுக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தது. அம்மா அதற்குத் தீனி போட்டாள், அவ்வளவுதான்.

அம்மாவை உங்களுக்குத் தெரியும். ஆரணிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவாள். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பாள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் உள்ளே வராது. எறும்புப் புற்று இருந்தால் சுற்றிக்கொண்டு போவாள். மலையில் நம் கோயில் கிடையாது என்பது அவளுக்கு முதல் நாளிலிருந்தே நெஞ்சில் கல்லாக இருந்தது.

வந்து சில நாள்களில் ஓடைப் பக்கம் துணி துவைக்கப் போனபோது பார்த்தாள். ஒரு பெரிய மாமரம். அடியில் கூரையில்லாத கல் மேடை. அதில் என் உயரத்துக்கு ஒரு பலகைக்கல். கல் என்றே சொல்ல முடியாது. எண்ணெயும் மஞ்சளும் காய்ந்த ரத்தமும் அடையடையாக ஏறி, கருப்பாக, மெழுகு போல் பிசுபிசுவென்று இருந்தது. ஈ மொய்த்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கிட்டே போய்க் குனிந்தாள். கீழே ஓரத்தில், பிசுக்கு மூடாத இடத்தில், ஒரு சிங்கத்தின் பாதம் தெரிந்தது.

மறுநாள் சீயக்காயும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு போனாள். அவள் தேய்க்கத் தேய்க்க அந்த அடை பொருக்குப் பொருக்காக விழுந்தது. முதலில் ஒரு தோள். பிறகு மாங்கொத்துப் பிடித்த கை. பிறகு ஒரு பையன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான், இன்னொருவன் சிங்கத்தின் முதுகில். கடைசியில் முகம். மூக்கு நுனி உடைந்திருந்தது. அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். “நம்ம தர்மதேவிடி. நேமிநாத தீர்த்தங்கரரோட காவல் இயக்கி. எந்தக் கோலத்துல வெச்சிருக்காங்க பாரு” என்றாள்.

அப்போதுதான் கிடாக்காரி வந்தாள். அவளை நான் அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையில் கயிறு, கயிற்றின் முனையில் ஒரு கருப்புக் கிடா. ஒரு காது மட்டும் வெள்ளை. அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் கிடா வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். தங்கியது. அதற்காகக் குட்டியிலிருந்து அந்தக் கிடாவை வளர்த்தாள். தன் தட்டிலிருந்தே அதற்குக் களி உருட்டிப் போடுவாள். வருகிற ஆடியில் வெட்ட வேண்டும்.

“இன்னா பண்றீங்க பாரஸ்டரம்மா?” என்றாள். அன்றைக்கு மரியாதையாகத்தான் கேட்டாள்.

“சாமியக் குளிப்பாட்டறேன்மா. இவ எங்க தேவி. இவளுக்கு ரத்தம் ஆகாது.”

“யாரு சொன்னாங்க?”

அம்மா மேடையிலேயே உட்கார்ந்து கதை சொன்னாள். நமக்கெல்லாம் சொல்வாளே, அதே கதை. திவசத்தன்று பசியோடு வாசலில் நின்ற முனிவருக்கு ஒரு மருமகள் முதல் சோறு போட்டுவிட்டாள். பிராமணருக்கு முன்னால் அவருக்குப் போட்டாயா என்று புருஷன் அடித்துத் துரத்தினான். இரண்டு பிள்ளைகளோடு மலையேறினாள். பட்டுப்போன மாமரம் அவளுக்காகத் துளிர்த்துப் பழுத்தது. புருஷன் மனம் மாறித் தேடி வந்தபோது, மறுபடி அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்து பாறையிலிருந்து விழுந்தாள். அவள் தேவியானாள். அவன் சிங்கமாகி அவளைச் சுமக்கிறான்.

கிடாக்காரி முழுக்கக் கேட்டாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

“மாங்கா தின்னுக்கினு எத்தினி நாளு இருப்பா, ரெண்டு புள்ளைய வெச்சிக்கினு?”

அம்மா கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தாள்.

“அவ இங்கதான் வந்தா. எங்க பாட்டன் பூட்டனுங்க ஒருத்தனும் கதவத் தொறக்கல. இந்த மரத்தடியிலயே மூணு உசுரும் போச்சி. அப்புறம்தான் எங்க ஊர்ல புள்ளைங்க நிக்காம போச்சி. பசியோட செத்தவ அவ. வருசத்துக்கு ஒரு வாட்டி வவுறு நெறையப் போடறோம். நீங்க இன்னாடான்னா மூஞ்சக் கழுவிட்டு, பட்டினி போடுன்றீங்க.”

அவள் குனிந்து கீழே விழுந்த பொருக்குகளைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டாள். அவளுடைய ஆத்தாள் ஊற்றிய எண்ணெயும் அதில் இருந்திருக்கும். எனக்கு அப்போது அது அருவருப்பாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல்தான், பூஜை அறையில் இருந்த என் அம்மாவின் ஜபமாலைப் பையை என் மருமகள் குப்பையில் போட்டபோது, அந்தக் கை ஞாபகம் வந்தது.

அதற்கப்புறமாவது அம்மா விட்டிருக்கலாம். விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பித்தளைக் குத்துவிளக்கைக் கொண்டுபோய் ஏற்றினாள். ஆடியில் இங்கே உயிர்ப்பலி கூடாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பூசாரி என்பவர் சாமை விதைக்கிற ஒரு நடுத்தர வயது ஆள். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே, “அவ சாப்டறத நிறுத்தச் சொல்லுங்கம்மா, நாங்க குடுக்கறத நிறுத்திடறோம்” என்றார். சிரிப்பு முகத்தில்தான் இருந்தது.

அந்த ஆனி மாதத்தில்தான் அப்பா ஆடு பிடித்தார். புதிதாகக் கன்று நட்ட இடத்தில் மேய்ந்தது என்று ஊர் ஆடுகளை ஓட்டிவந்து குவார்ட்டர்ஸ் பின்னால் பட்டியில் அடைத்தார். அது அவர் வேலை. தண்டம் கட்டியவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். கிடாக்காரி மறுநாள் தண்டத்தோடு வருவதற்குள், அந்த வெள்ளைக்காது கிடா மலையை விட்டே போய்விட்டது. அம்மா அப்பாவின் காலைப் பிடித்தாள். “ஒரு உயிருங்க. கைக்கு வந்திருக்குது. திருப்பிக் குடுத்தா நாமதான் வெட்டினதா ஆகும்” என்றாள். கட்டை ஏற்ற வந்த லாரியில் அதை ஏற்றி, ஆரணிப் பக்கம் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அங்கே தோட்டத்தில் அது சாகிறவரை நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும் என்பது அவள் எண்ணம். அவளை அந்த அளவுக்குச் சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தம்பியைத் தூக்கிச் சுற்றினாள்.

அப்பா கிடாக்காரியிடம், “கயிற அறுத்துக்கிட்டு ஓடிடுச்சும்மா” என்றார்.

அவள் பட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். கயிறு கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. அதையும் பார்த்தாள். பிறகு அப்பாவை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினாள்.

“காட்டுல மேய்க்காதேன்னு உம்புருசன் சொல்றான். கோயில்ல வெட்டாதேன்னு நீ சொல்ற. அப்ப ஆடுன்னு ஒண்ணு எங்களுக்கு எதுக்கு?”

நீங்க என்பது நீ ஆகியிருந்தது. அதற்கப்புறம் அது மாறவே இல்லை.

லாரி டிரைவர் அடுத்த தடவை வந்தபோது டீக்கடையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பால் நின்றது. கடையில் பருப்பு கேட்டால் இல்லை என்றார்கள், மூட்டை கண்ணெதிரே இருக்கும். ஓடைக்குப் போகும் வழியில் கள்ளியும் முள்ளும் வெட்டிப் போட்டார்கள். அம்மாவின் குத்துவிளக்கு ஒருநாள் காணாமல் போனது. அடுத்த நாள் எங்கள் வாசலில் கிடந்தது, கல்லால் அடித்துச் சப்பட்டையாக. அதைக் கையில் எடுத்தபோது அது வெயிலில் சுட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடாத்திருடி என்று பெயர். யாரும் என்னை அடிக்கவில்லை. ஆனால் நான் குடித்த டம்ளரை யாரும் தொடவில்லை. தீட்டு பார்க்கிற ஊர் இல்லை அது. எனக்காகப் புதிதாக ஏற்படுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்த ஒரே ஆள் நர்ஸம்மா. அடிவாரத்தில் தோல் பதனிடும் ஊரிலிருந்து வந்து அங்கேயே தங்கி வேலை பார்த்தவள். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக பௌத்தர்கள். அவளும் அன்பாக வரவில்லை. தம்பிக்கு ஊசி போட வந்தாள், வந்த இடத்தில் சண்டை போட்டாள்.

“தர்மதேவின்றீங்க, ரெட்டைப்புள்ளக்காரின்றாங்க. எங்கப்பாவக் கேட்டா அம்பிகைன்னு சொல்லுவாரு. பௌத்த பிக்குணி. அம்மை போட்ட வூட்டுக்கெல்லாம் வேப்பிலையத் தூக்கிக்கினு போய் வைத்தியம் பாத்தவ. அவதான் அம்மன் ஆனா. எங்காத்தாள ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து வெச்சிக்கினு, யாருதுன்னு சண்டை போடறீங்க. அவ இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பா தெரியுமாக்கா? முதல்ல எல்லாப் புள்ளைக்கும் மருந்து குடுத்திருப்பா. நான் ஊசிய எடுத்துக்கினு போனா, பாரஸ்டர் வூட்டுக்குப் போற நர்ஸு வேணாம்னு கதவச் சாத்தறாங்க. உங்களாலதான்.”

அம்மா ஊசி போட்ட இடத்தில் தம்பியின் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி வந்தது. திருவிழா வெள்ளிக்கிழமை மத்தியானம். அப்பா காட்டுக்குள் போயிருந்தார். அம்மா முள்ளைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போயிருந்தாள். தம்பி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். பறைச் சத்தம் ஓடைப் பக்கமிருந்து கேட்டது. வெளிக்கதவைத் திறந்துகொண்டு கிடாக்காரி உள்ளே வந்தாள். புதுப் புடவை, தலை நிறையப் பூ. அவசரமே படவில்லை. தூளியை விலக்கித் தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் விழிக்கக்கூட இல்லை.

“உங்கம்மாகிட்டச் சொல்லு. எம்பொருள அவ எடுத்தா. அவ பொருள நான் எடுத்துக்கினு போறேன்.”

நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டே போனேன். வழி விட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. பூசாரியும் தடுக்கவில்லை.

அவள் தம்பியைக் கல்லுக்கு முன்னால் இறக்கி நிற்கவைத்தாள். தூக்கக் கலக்கத்தில் அவன் ஆடினான். கிடாவுக்காகக் கட்டி வைத்திருந்த அரளி மாலையை அவன் கழுத்தில் போட்டாள். அது தரையைத் தொட்டது. மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவன் தலையிலும் முதுகிலும் தெளித்தாள். உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். கிடா வெட்டுவதற்கு முன் அப்படித் தெளிப்பார்கள். அது உடம்பை உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் வெட்டுவார்கள்.

தம்பிக்குக் குளிர்ந்தது. தலையிலிருந்து கால்வரை உடம்பு சிலிர்த்து உதறியது.

பறை நின்றது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவர் இருமும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில்தான் அம்மா வந்து சேர்ந்தாள். குடம் எங்கேயோ போயிருந்தது. புடவை முள்ளில் கிழிந்து, முழங்காலில் ரத்தம்.

“பாத்தியா, உத்தரவு குடுத்துட்டான்” என்றாள் கிடாக்காரி. அவள் குரல் உயரவே இல்லை. “எடுத்துக்கினு போ. நாங்க மனுசர வெட்டறவங்க இல்ல. ஆனா அவளுக்குச் சேர வேண்டியது உன் வூட்ல இருக்குது. அத மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ.”

அம்மா தம்பியை வாரி எடுத்துக்கொண்டாள். மாலையைக் கழற்றக் கை வரவில்லை. அதோடுதான் வீடு வந்தோம்.

பொழுது சாயும்போது தம்பிக்குக் காய்ச்சல். அப்பா வந்ததும் குதித்தார். போலீஸில் எழுதிக் கொடுக்கிறேன், ஊரையே உள்ளே தள்ளுகிறேன் என்றார். அம்மா வேண்டாம் என்றாள். நர்ஸம்மா வந்து மருந்து ஊற்றினாள். பயமும் பச்சைத் தண்ணீரும்தான், சரியாகிவிடும் என்றாள். கிளம்பும்போது வாசற்படியில் நின்றாள்.

“எங்க விகாரையில ஒரு கதை சொல்லுவாங்கக்கா. ஒரு ராட்சசி. அவளுக்கு நூத்துக்கணக்குல புள்ளைங்க. ஆனா ஊரான் புள்ளைங்களப் புடிச்சித் தின்னுவா. யாரு சொல்லியும் கேக்கல. புத்தர் அவளோட கடைசிப் புள்ளைய எடுத்துத் திருவோட்டுக்குக் கீழ ஒளிச்சி வெச்சிட்டாரு. பூமி பூரா தேடி அலைஞ்சி அழுதுக்கினு வந்தா. ஒண்ணு போனதுக்கே உனக்கு இப்படி இருக்குதே, ஒண்ணு ரெண்டு மட்டும் வெச்சிருந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு கேட்டாரு. அப்புறம் அவ யாரையும் தொடல. பிக்குங்க சாப்புடறதுக்கு முன்ன அவளுக்கு ஒரு கைப்பிடி எடுத்து வெச்சாங்க.”

“நான் ராட்சசியா?” என்றாள் அம்மா.

“ரெண்டு புள்ளைய மண்ணுல போட்டுட்டு மூணாவதுக்குன்னு அவ நேர்ந்த கெடாவ நீங்க எடுத்தீங்க. வேற இன்னான்னு சொல்றது?”

காய்ச்சல் இறங்கியதும் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். கிடாவைத் திரும்பக் கொண்டுவரத்தான் போகிறோம் என்று பஸ்ஸில் வைத்துச் சொன்னாள். பிறந்த வீட்டு வாசலில் கால் கழுவாமலேயே நேராகத் தோட்டத்துக்குப் போனாள். வேப்பமரத்தில் கயிறு மட்டும் இருந்தது.

மாமா பிள்ளைகளே, உங்கள் அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம், குறைதான் சொல்கிறேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார்.

“ஆடு எங்கண்ணா?”

“நாம என்ன ஆடு வளக்கற ஜனமா? செடியெல்லாம் மேஞ்சிடுச்சி. சந்தையில குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“தெரிஞ்சி என்ன பண்ணப் போற?”

“கறிக்கா?”

மாமா ஊஞ்சலை நிறுத்தவில்லை. “அங்க வெட்டினாலும் போற உசுருதான். நம்ம கண்ணெதிர்ல நடக்கல இல்ல? விடு” என்றார்.

அத்தை எங்களுக்குச் சோறு எடுத்து வைத்தாள். இன்னும் வெளிச்சம் நன்றாக இருந்தது. அம்மா சாப்பிடவில்லை.

திரும்பும் வழியில் ஆலங்காயத்துச் சந்தையில் இறங்கினோம். ஆட்டுப் புழுக்கையும் புளியும் மழை மண்ணும் கலந்த நெடி. அம்மா வாழ்நாளில் அந்தப் பக்கம் போனவள் இல்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளவும் இல்லை. வாணியம்பாடி பாய் ஒருவர் கருப்புக் கிடா ஒன்றின் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். அம்மா எந்தப் பல்லை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தாள்.

“வளக்கறதுக்காம்மா, வேண்டுதலுக்கா?”

“வேண்டுதலுக்கு” என்றாள் அம்மா.

பாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் நல்லதாக ஒன்றை மாற்றிக் கொடுத்தார். அதைப் பஸ்ஸில் ஏற்றினோம். மலை வளைவுகளில் அது என் காலில் சாய்ந்து நின்றது. அதன் வயிற்றுச் சூடு பாவாடைக்குள் வந்தது. நான் அதன் தலையில் கை வைக்கப் போனேன். அம்மா என் கையை விலக்கிவிட்டாள்.

ஊருக்குள் அவளே கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். வாசல்களிலிருந்து பார்த்தவர்கள் பின்னாலேயே வந்தார்கள். மாமரத்தடிக்குப் போவதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. கிடாக்காரி குழந்தையோடு வந்தாள்.

“இது அது இல்ல” என்றாள்.

“தெரியும். அது போயிடுச்சி. எங்க ஆளுங்களே கறிக்கு வித்துட்டாங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கிடாக்காரி சிரிக்கவில்லை. பூசாரி சொம்பை நீட்டினார், அம்மாவிடம். “எடுத்தவங்கதான் குடுக்கணும். நீங்களே தெளிங்க” என்றார்.

அம்மா தெளித்தாள். கிடா சும்மா நின்றது. மறுபடி தெளித்தாள். அது தரையில் கிடந்த அரளிப் பூவை முகர்ந்தது. வெயில் மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்வரை நின்றோம் என்றே எனக்கு ஞாபகம். அப்படி இருக்காது. அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அது உதறாமலே இருந்துவிட வேண்டும் என்று வேண்டினாளா, உதற வேண்டும் என்று வேண்டினாளா, எனக்குத் தெரியாது.

“அவகிட்டக் கேளு” என்றாள் கிடாக்காரி.

அம்மா கல்லைப் பார்த்தாள். அவள் கழுவிய முகத்தில் மறுபடி மஞ்சளும் எண்ணெயும் ஏறியிருந்தன. “நீ யாரா இருந்தாலும் சரி. வாங்கிக்கோ” என்றாள்.

கிடா உதறியது.

என் கண்ணை யாரோ ஒரு கிழவர் துண்டால் மூடினார். சத்தம் மட்டும் கேட்டது. துண்டை எடுத்தபோது அம்மா அதே இடத்தில், அதே பக்கம் பார்த்தபடி நின்றாள். கயிறு இன்னும் கையில் இருந்தது. புடவைக் கரையில் சிவப்பு.

நீங்கள் புண்ணியவதி என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிருக்குத் துணி கட்டியவள், ஒரு கிடாவைக் காசு கொடுத்து வாங்கி நடத்திக்கொண்டு போய் வெட்டக் கொடுத்தாள். அதை என்னவென்று எழுதுவீர்களோ, எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஊர் வழக்கப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு போனது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. தேக்கிலையில் பொதிந்து, நாரால் கட்டி. கொண்டுவந்தது கிடாக்காரியே. நீட்டினாள். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்த ஊர் எங்களை அவ்வளவு தூரம் உள்ளே விட்டது அந்த ஒரு தடவைதான். அந்தப் பொட்டலம் என்ன என்பது எங்களுக்கு அப்போது புரியவில்லை. இனிமேல் சண்டை இல்லை என்று அந்த ஊர் எழுதிக் கொடுத்தது அது.

அப்பா தூக்கி எறி என்றார். எறிய அம்மாவுக்கு மனமில்லை. நர்ஸம்மாவிடம் கொடுத்திருக்கலாம், அவள் சாப்பிடுவாள். யாருக்கும் அந்த யோசனை வரவில்லை. அம்மா குவார்ட்டர்ஸ் பின்னால் மண்வெட்டியால் குழி வெட்டி, இறந்த குழந்தையைப் புதைப்பது போலப் புதைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அதுதான் மரியாதை.

விடிந்தபோது நாய்கள் தோண்டிவிட்டிருந்தன. தேக்கிலை ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம், பாதித் துண்டுகள் பாதையெல்லாம். பள்ளிக்கூடத்துக்கும் வயலுக்கும் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போனார்கள். கிடாக்காரியும் வந்தாள். நின்றாள். ஒரு எலும்பைக் காலால் புரட்டிப் பார்த்தாள். அம்மா ஓடிப்போய், “வீசலம்மா, பொதைச்சேன், நாய்தான்” என்று ஏதேதோ சொன்னாள். கிடாக்காரி கேட்டுக்கொள்ளவே இல்லை. போய்விட்டாள்.

அம்மா அதன் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தாள். நம் ஊர்க் கோயிலில் தீர்த்தங்கரர் முன்னால் மணிக்கணக்கில் நிற்பாள். வெளியே வரும்போது பக்கத்துத் தர்மதேவி மாடத்தைத் தலை குனிந்து தாண்டிவிடுவாள். அவள் ரொம்பக் கண்டிப்பு, அருகனைத் தவிர வேறு யாரையும் கும்பிட மாட்டாள் என்று உங்களில் சிலர் பெருமையாகச் சொல்வீர்கள். நான் திருத்தியதில்லை. அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று சொன்னால் நீங்கள் யாரும் நம்பியிருக்க மாட்டீர்கள்.

புரட்டாசியில் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். சாமான் லாரியில் போய்விட்டது. நாங்கள் சாயங்கால பஸ்ஸுக்கு நின்றோம். வழியனுப்ப நர்ஸம்மா கூட வரவில்லை, அவளுக்கு எங்கேயோ பிரசவம். மழை தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு, புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்தபடி கிடாக்காரி வேகமாக வந்தாள். மறுநாள் ஆலங்காயத்தில் சந்தை. கண்டக்டர் மூட்டையை வாங்கக் கை நீட்டினார்.

படிக்கட்டில் ஒரு காலை வைத்தபின்தான் அவள் எங்களைப் பார்த்தாள்.

அம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்து, தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டாள். அவளும் அவள் குழந்தையும் தாராளமாக உட்காரலாம்.

கிடாக்காரி தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

“ஏறும்மா. இதான் கடேசி வண்டி” என்றார் கண்டக்டர்.

“நீ போ” என்றாள்.

பஸ் கிளம்பியது. ஆலங்காயம் வரும்வரை எத்தனையோ பேர் ஏறினார்கள், நின்றுகொண்டே வந்தார்கள். அம்மா அந்த இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை.